இடது கால் ஸ்பைக்ஸ்

“ஜோடி ஷூவத் தூக்கினா திருடன். ஒத்த ஷூவத் தூக்கினா?”

“நொண்டித் திருடன், அக்கா. பிடிக்கது லேசு. ஓட மாட்டான்.”

அத்தியாயம் 9

லிங்கேஷ் அந்த ஜோக்கை அடித்தபோது மண்டபத்தில் இருந்தவர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் அந்த ஒரு வார்த்தையைத் திரும்ப எடுத்து விழுங்கிவிட முடியாதா என்று தவிக்கப் போகிறோம் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? அவனுக்கு வாய் முன்னால் ஓடும், புத்தி பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு வரும். இது அவனுடைய முதலாளி கோகிலா ஊரெல்லாம் சொல்லும் குறை.

கோகிலாவைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சங்கரன்கோவிலில் ‘துப்பறியும் நிலையம்’ என்று போர்டு மாட்டியிருக்கும் ஒரே ஆள் அவள்தான். பூ மார்க்கெட்டுக்குப் போகும் வழியில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் ஒற்றை அறை. வருகிற கேஸ்களில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணை. பையன் குடிப்பானா, சொன்ன கம்பெனியில்தான் வேலை பார்க்கிறானா, பெங்களூரில் ஏற்கெனவே ஒரு குடித்தனம் வைத்திருக்கிறானா என்கிற ரகம். நாற்பதைத் தாண்டியவள், பேச்சு கம்மி, பார்வை ஜாஸ்தி. அவளிடம் லிங்கேஷுக்கு அசிஸ்டெண்ட் உத்தியோகம். ஸ்கூட்டர் ஓட்டுவதும், யாரும் கேட்காத இடத்தில் கருத்துச் சொல்வதும் அந்த உத்தியோகத்தில் அடக்கம்.

ஒரு ஷூவைத் தேட இவர்களை யாரும் கூப்பிடவில்லை. ஜெராக்ஸ் கடைக்கு அடுத்ததுதான் அந்த மண்டபம். மண்டபத்து வாட்ச்மேன் சண்முகையா தினமும் காலையில் கேட்டைத் திறந்து, கோகிலாவின் ஸ்கூட்டரை வாங்கி வேப்பமரத்து நிழலில் நிறுத்துவார். யாரும் அவரிடம் அப்படிச் செய்யச் சொன்னதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கேட் திறந்து கிடந்தது, ஸ்கூட்டர் வெயிலில் நின்றது, சண்முகையா படிக்கட்டில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். கோகிலா ஒரு நிமிடம் அவரைப் பார்த்துவிட்டு நேரே மண்டபத்துக்குள் நுழைந்துவிட்டாள்.

உள்ளே விளையாட்டுச் சாமான் மலையாகக் குவிந்திருந்தது. கோமதிசங்கர் என்று ஒரு பி.டி. மாஸ்டர், தன் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு மாதமாகத் தெருத் தெருவாக அலைந்து சேர்த்தது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் பரணில் கிடந்த பேட்டுகள், நரம்பு அறுந்த ஷட்டில் ராக்கெட்டுகள், காற்றுப் போன பந்துகள், ஹாக்கி மட்டைகள், ஸ்கேட்டிங் ஷூக்கள். எல்லாவற்றையும் கழுவி, ரிப்பேர் பார்த்து, அன்று சாயங்காலம் சுற்றுப்பட்டுக் கிராமப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. நல்ல மனுஷன்தான். ஆனால் நல்ல காரியம் செய்கிறவர்களுக்கே உரிய அவசரக் கோபமும் அவருக்கு உண்டு.

காணாமல் போனது ஒரு ஸ்பைக்ஸ். அடியில் ஆணி வைத்த ஓட்டப்பந்தய ஷூ, சிறுமிகள் சைஸ், யாரோ பெயர் சொல்லாமல் பையில் வைத்துவிட்டுப் போனது. குருவிகுளம் பக்கத்தில் வெறுங்காலோடு ஓடியே மாவட்டப் போட்டி வரைக்கும் வந்துவிட்ட ஒரு பெண்ணுக்கு அதை ஒதுக்கி வைத்திருந்தார் மாஸ்டர். காலையில் வந்து பார்த்தால் வலது கால் ஷூ இருக்கிறது, இடது கால் ஷூவைக் காணோம். சாமான் வைத்திருந்த அறையின் சாவி சண்முகையாவிடம்தான் இருந்தது. விழா முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு வந்த பொருளில் கை வைத்தவன் என்று பெயர் எடுத்துவிட்டு, இந்த ஊரில் அவரை வேறு யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்?

“அவரக் கேட்டீங்களா?” என்றாள் கோகிலா.

கேட்டாராம். சண்முகையா வாயே திறக்கவில்லையாம். மௌனம் என்றாலே குற்றம்தானே என்றார் மாஸ்டர்.

கோகிலா லிங்கேஷிடம் திரும்பினாள். “எடுத்தவன் மொதல்ல என்னலே சொல்லுவான்? நான் எடுக்கலம்பான். இவரு அதக்கூடச் சொல்லல.”

பிறகு வலது கால் ஷூவை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஜோடி பிரிந்துவிடாமல் இருக்க, கழுவுகிற பிள்ளைகள் ஒவ்வொரு ஜோடியையும் அதன் கயிற்றாலேயே சேர்த்து முடிந்து வைத்திருந்தார்கள். இந்த முடிச்சு அறுக்கப்படவில்லை. யாரோ நிதானமாக உட்கார்ந்து நகத்தால் நெகிழ்த்தி அவிழ்த்திருந்தார்கள். பயந்துகொண்டு எடுக்கிறவன் ஜோடியோடுதான் தூக்கிக்கொண்டு ஓடுவான். இது பயப்படாத கை, அவசரமில்லாத கை. அறைப் பூட்டும் உடைபடவில்லை, ஆக உள்ளே விட்டவர் பக்கத்திலேயே நின்று காத்திருந்திருக்கிறார்.

ஷூ வைத்திருந்த இடத்தில் செய்தித்தாள் விரித்திருந்தது. இடது பக்கத்தில் மட்டும் ஒரு சிட்டிகை வெளிறிய மண். முந்தின நாள் கழுவிக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டு விசாரித்ததில், இடது ஷூவைக் கவிழ்த்து லேசாகத் தட்டியபோது அந்த மண் விழுந்தது என்றாள். கழுவலாம் என்று எடுத்துக்கொண்டு போனபோது வாட்ச்மேன் வந்து, இதை மட்டும் நாளைக்குக் கழுவிக்கொள்ளலாம் என்று வாங்கி வைத்துவிட்டாராம்.

கோகிலா அந்த மண்ணை விரலில் தொட்டு நுணுக்கினாள். அப்போது ஒரு காரியம் நடந்தது. அவளுடைய கை தானாக நெற்றிக்குப் போயிற்று. பாதி வழியில் விரல் நின்றது. எதிரில் நின்ற லிங்கேஷின் கையும் அதே பாதி வழியில் நின்றிருந்தது.

“புத்து மண்ணு” என்றான் அவன்.

கோமதியம்மன் சன்னிதிப் புற்றுமண். இந்த ஊரில் பிறந்த எவனுக்கும் அதை இன்னொருவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சொறி, சிரங்கு, வீக்கம், விஷக்கடி எது வந்தாலும் முதலில் குழைத்துப் பூசுவது அதைத்தான், நெற்றியில் இட்டுக்கொள்வதும் அதைத்தான். வீட்டுக்கு வீடு ஒரு பொட்டலம் இருக்கும். இதை வைத்துக்கொண்டு ஆளைக் கண்டுபிடிப்பது குற்றாலத்தில் நின்றுகொண்டு நனைந்தவன் யார் என்று தேடுவதுதான் என்றான் லிங்கேஷ்.

“மண்ணு எல்லா வீட்டுலயும் இருக்கும். அத செருப்புக்குள்ள போடுத ஆள நீ பாத்திருக்கியா?” என்றாள் கோகிலா.

கோயில் மண்ணைக் காலணியில் போட இந்த ஊரில் யாருக்குக் கை வரும்? அப்படியானால் அது ஷூவில் போட்ட மண் இல்லை. காலில் பூசிய மண். பூசிக் காய்ந்து, அந்தக் காலோடு ஷூவுக்குள் இறங்கி, ஓட ஓட உதிர்ந்த மண். ஒரு நாள் பூசினால் இவ்வளவு சேராது. வலது ஷூவில் ஒரு பொட்டுக்கூட இல்லை. ஆக, ஓடுகிற ஒரு சின்னப் பெண்ணுக்கு இடது காலில் மட்டும் ரொம்ப நாளாக ஏதோ நோவு இருந்திருக்கிறது.

“அப்ப நான் சொன்னது சரிதான்” என்று லிங்கேஷ் ஆரம்பித்தான். ஒற்றை ஷூ யாருக்குத் தேவைப்படும்? ஒற்றைக் கால் உள்ளவருக்கு. இடது கால் ஷூ யாருக்குத் தேவைப்படும்? இடது கால் மட்டும் உள்ளவருக்கு. மேலநீலிதநல்லூரில் விபத்தில் வலது காலை இழந்த ஒருவரைத் தனக்குத் தெரியும் என்றும், உடனே கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்றும் சொன்னான்.

“அவரு லாரி டிரைவரு. அவரு பெருவெரலு கூட இதுக்குள்ள நுழையாது.”

“ஒரு ஆசையில எடுத்திருக்கலாம்லா?”

கோகிலா அவனை முறைத்துவிட்டு வலது ஷூவை அவன் கையில் கொடுத்தாள். அதை வாங்கிய பிறகுதான் லிங்கேஷின் புத்தி ஒருவழியாக வாயைப் பிடித்துவிட்டது. ஷூவில் கோத்திருந்தது கடையில் விற்கும் லேஸ் இல்லை. கத்தரிப்பூ நிறமும் மாம்பழ மஞ்சளும் சேர்த்து முறுக்கிய நூல். லிங்கேஷ் தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்தவன். அப்பாவும் சித்தப்பாவும் விசைத்தறி ஓட்டியவர்கள்தான்.

“தறி நூலு இது, அக்கா. கையால முறுக்கினது. இந்தக் கத்தரிப்பூ கலரு எல்லாக் கூடத்துலயும் ஓடாது. ஓடுத எடம் எனக்குத் தெரியும்.”

*

தறிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை என்பதால் பாதித் தறிகள்தான் ஓடின. அந்தப் பாதியே காதைக் கிழித்தது. அங்கே வேலை பார்க்கிறவர்கள் வாயால் பேசுவதில்லை, உதட்டசைவிலும் கையிலும்தான் எல்லாம். லிங்கேஷுக்கு அந்தப் பாஷை மறந்திருக்கவில்லை. லேஸைத் தூக்கிக் காட்டி, இது யார் கைவேலை என்று சைகையில் கேட்டான். தறி ஓட்டுகிறவர் ஒரு நொடி அதைப் பார்த்தார். சிரித்த முகம் வாடிவிட்டது. மோவாயால் மூலையைக் காட்டிவிட்டு வேலையில் குனிந்துகொண்டார்.

மூலையில், தறிக்கு வேண்டிய நூலைத் தார்க்குச்சியில் சுற்றும் மெஷினில் நின்றுகொண்டிருந்தாள் மாரிசெல்வி. முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். திரும்பி, லிங்கேஷின் கையிலிருந்த ஷூவைப் பார்த்தாள். மெஷினை நிறுத்தினாள். அறுந்த நூலை முடிச்சுப் போடப் போன விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

வெளியே கிணற்றடிக்கு வந்த பிறகு அவளே முதலில் பேசினாள். அதைக் கொடுத்தது தான்தான் என்றாள். மகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் பையில் போட்டுக்கொண்டு போய், யாரிடமும் பேர் சொல்லாமல் வைத்துவிட்டு வந்தாளாம். வேண்டாம் என்று திருப்பிக் கொண்டு வந்திருக்கிறீர்களா என்று கேட்டாள்.

கோகிலா இல்லை என்றாள். உங்கள் பிள்ளைக்கு இடது காலில் என்ன என்று மெதுவாகக் கேட்டாள்.

அந்த ஒரு கேள்வியே போதுமாக இருந்தது. இத்தனை நாள் யாரும் கேட்காமல் இருந்ததுதான் அவளை அடைத்து வைத்திருந்தது போலிருக்கிறது. மாரிசெல்வி சொல்லத் தொடங்கினாள். மகள் விஜிதாவுக்கு எட்டாம் வகுப்பு. புருஷன் திருப்பூரில் வேலை பார்க்கிறான். பிள்ளை ஓட்டத்தில் புலி. போன வருஷம் முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்றாள். ஓடுகிற பிள்ளைக்குக் கால் வலிக்காதா, சுளுக்காக இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மன் மண்ணைக் குழைத்துத் தேய்த்தாள். வலி குறைந்தது போலிருந்தது. தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் தேய்த்துவிட்டாள். பிள்ளையும் காய்ந்த மண்ணோடு ஷூவை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு ஓடிவிடும். வீக்கம் கல்லாகக் கெட்டிப்பட்ட பிறகுதான் மதுரைக்குக் கொண்டுபோனாள். அங்கே எலும்பில் கட்டி என்றார்கள். உயிர் வேண்டுமா கால் வேண்டுமா என்று கேட்கிற இடத்துக்கு வந்துவிட்டதாம்.

“டாக்டரு, ஏம்மா இத்தன நாளா என்ன செஞ்சுட்டு இருந்தன்னு கேட்டாரு” என்றாள். “மண்ணு தேச்சுட்டு இருந்தேன்னு என்னால சொல்ல முடியல.”

கோகிலா அவள் தோளைத் தொட்டாள். அந்த நோவு மண்ணால் வந்ததில்லை, யார் வீட்டுப் பிள்ளைக்கும் வரும் என்றாள்.

“தெரியுதும்மா. டாக்டரும் பொறவு அதத்தான் சொன்னாரு. மனசு கேட்டுக்கிடுது. கைதான் கேக்க மாட்டேங்கு. தேச்ச கையில்லா இது.”

அதற்கப்புறம் அவள் கோயில் இருக்கும் தெருப்பக்கமே போகவில்லை. வீட்டில் இருந்த மண் பொட்டலத்தைக் குளத்தில் கொண்டுபோய்க் கரைத்துவிட்டாள். ஆனால் அந்த ஷூவைக் கவிழ்த்தால் மட்டும் மண் கொட்டும். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள். விஜிதா கேட்கவேயில்லையாம். கேட்காததே பெரிய பாரமாக இருக்கிறது என்றாள்.

லிங்கேஷ் கையிலிருந்த ஷூவைப் பார்த்தான். காலையில் அடித்த ஜோக்கைத் திரும்ப விழுங்கிவிட முடிந்தால் தேவலை என்றிருந்தது. அதோடு வேறொன்றும் உறுத்தியது. காணாமல் போனது இடது கால் ஷூ. அந்தப் பிள்ளைக்கு இருப்பது வலது கால். அப்படியானால் அவளுக்குப் பயன்படுகிற ஷூ இதோ தன் கையில்தான் இருக்கிறது. பயன்படாததை அல்லவா யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள். அவன் போட்ட கணக்கு தலைகீழாகிவிட்டது.

கோகிலா மாரிசெல்வியிடம் சண்முகையாவைப் பற்றிச் சொன்னாள். ஒரு மனிதர் திருடன் பட்டத்தோடு படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார், சாயங்காலத்தோடு அவர் வேலை போய்விடும் என்றாள். வீட்டுக்கு ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்றாள்.

மாரிசெல்வி மிரண்டு போனாள். “நான் குடுத்தது புள்ளைக்குத் தெரியாதும்மா.”

“தெரியும்னு நெனைக்கேன்” என்றாள் கோகிலா.

*

தறிக்கூடத்துக்குப் பின்தெருவில் ஒற்றை அறை வீடு. பீரோவில் இரண்டு ஊன்றுகோல்கள் சாய்த்து வைத்திருந்தன. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அம்மாவின் பழைய போனை நோண்டிக்கொண்டிருந்தாள் விஜிதா. கட்டையாக வெட்டிய முடி, பெரிய கண்கள், பாவாடைக்குக் கீழே ஒரு கால். லிங்கேஷ் சுவரில் மாட்டியிருந்த மெடல்களைப் பார்ப்பதாகப் பாவனை செய்தான். வேறு எங்கே பார்ப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

கோகிலா ஒன்றும் கேட்கவில்லை. வலது ஷூவை எடுத்து, தரையில் ஊன்றியிருந்த அந்தக் காலுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவ்வளவுதான். லிங்கேஷ் குனிந்து பார்த்தான். பாதம் ஷூவைவிட ஒரு பெருவிரல் நீளத்துக்கு முன்னால் நின்றது.

விஜிதா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஸ்கூல் பையை இழுத்து, ஜியாமெட்ரி பாக்ஸுக்கும் டிபன் டப்பாவுக்கும் அடியில் கையை விட்டு, இடது ஷூவை வெளியே எடுத்தாள்.

மாஸ்டர் போட்ட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் தெரிந்தவர் தெரியாதவர் கையெல்லாம் மாறி அந்தப் போனுக்கும் வந்திருக்கிறது. குவியலின் படத்தில் அம்மா முறுக்கிய லேஸ் கண்ணில் பட்டுவிட்டது. சனிக்கிழமை மத்தியானம் ஊன்றுகோலோடு மண்டபத்துக்குப் போய் வாட்ச்மேனிடம் நின்றிருக்கிறாள். கழுவிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று கேட்டிருக்கிறாள். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு வரச் சொல்லி, அவர் அறையைத் திறந்துவிட்டு நின்றாராம். முடிச்சை அவளேதான் அவிழ்த்தாள்.

“ரெண்டையும் எடுத்துருக்கலாமே, மக்கா” என்றான் லிங்கேஷ். அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது.

“வலது காலு வளந்துட்டுண்ணே. அந்த ஷூ இனிமே ஏறாது. அது யாருக்காவது ஆவும்னு விட்டுட்டேன்.” இடது ஷூவை மடியில் வைத்துத் தடவினாள். “இந்தக் காலு அப்படியே நின்னுட்டுல்லா. இது எப்பவும் சரியா இருக்கும்.”

மாரிசெல்வி வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு உள்ளே வரவும் முடியவில்லை, வெளியே போகவும் முடியவில்லை.

“அதுல மண்ணு இருக்கு, ஏட்டி” என்றாள் கடைசியில். “அத எப்படி நீ மடியில வச்சுக்கிடுத? அதப் பாத்தா ஒனக்கு எம்மேல கோவம் வரலயா?”

விஜிதா ஆச்சரியமாக அம்மாவைப் பார்த்தாள். இப்படி ஒரு கேள்வி இருக்கும் என்றே அவள் நினைத்திருக்கவில்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

“ஆஸ்பத்திரியில எல்லாரும் கையுறை மாட்டிக்கிட்டுத்தான அந்தக் காலத் தொட்டாங்க. நீ மட்டுந்தானம்மா சும்மா கையால தொட்ட.”

மாரிசெல்வி அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுத அழுகை பெரிதாகச் சத்தம் எழுப்பவில்லை. இத்தனை மாதமும் அந்தப் பிள்ளை ஷூவை மடியில் வைத்திருந்தபோதெல்லாம், தன்னைக் குத்திக்காட்டுகிறாள் என்று இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறாள். பிள்ளை பிடித்துக்கொண்டிருந்ததோ அம்மாவின் கையை. பக்கத்துப் பக்கத்தில் படுத்துத் தூங்கிய இரண்டு பேருக்கும் இது தெரியாமலே போயிருக்கிறது. லிங்கேஷுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் மறைக்கவும் இல்லை.

சண்முகையாவின் வேலை போகப் போகிறது என்று கோகிலா சொன்னதும் விஜிதா திகைத்துப் போனாள். தன் வேலைக்கு ஆபத்து என்று அவர் ஒன்றும் சொல்லவில்லையே என்றாள். ஷூவை நீயே வைத்துக்கொள், நடந்ததை மாஸ்டரிடம் நான் பேசிக்கொள்கிறேன், அவரும் மனுஷர்தான் என்றாள் கோகிலா.

விஜிதா மடியிலிருந்த ஷூவை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள்.

“வேண்டாம்க்கா. சொன்னா, ஷூவுல எதுக்கு மண்ணுன்னு கேப்பாங்க. அம்மா தேச்சத எல்லாரும் பேசுவாங்க. குருவிகுளத்துப் புள்ள ஒண்ணு வேற வெறுங்காலோட ஓடுதுன்னு ஸ்டேட்டஸ்ல போட்டிருந்துது.”

யாரும் தடுக்குமுன் அவள் ஷூவைக் கவிழ்த்துவிட்டாள். இடது கையை அடியில் ஏந்திக்கொண்டு குதிகாலில் தட்டினாள். கொஞ்சம் விழுந்தது. இன்னும் தட்டினாள். உள்ளே விரலை விட்டு, பெருவிரல் பதிந்து குழிந்திருந்த இடத்தையும் சுரண்டினாள். ஏந்திய கை சின்னது, மண் விரலிடுக்கில் சிந்தப் பார்த்தது.

அப்போது மாரிசெல்வி தரையிலேயே நகர்ந்து கட்டிலடிக்கு வந்தாள். வலது கையை விரித்து நீட்டினாள். இடது கையை அதற்கு அடியில் தாங்கலாகக் கொடுத்தாள். விஜிதா தன் கையிலிருந்ததை அதில் சரித்துவிட்டு, மிச்சத்தையும் அந்தக் கையிலேயே தட்டினாள்.

*

மண்டபத்தில் பிள்ளைகள் வந்து நிறைந்துவிட்டார்கள். வாசுதேவநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வேன் வந்திருந்தது. ஸ்பைக்ஸ் கேரம் போர்டு அடுக்குக்குப் பின்னால் விழுந்து கிடந்தது என்று லிங்கேஷ் கூசாமல் சொன்னான். காலையிலிருந்து தேடின துப்பறியும் நிபுணர்களுக்கு இதுதான் கண்ணில் பட்டதா என்று மாஸ்டரின் நண்பர்கள் கிண்டல் செய்தார்கள். வேறு நாளாக இருந்தால் அவன் வட்டியோடு திருப்பிக் கொடுத்திருப்பான். அன்றைக்குத் தலையாட்டிவிட்டு நின்றான்.

கோமதிசங்கர் நேராகப் படிக்கட்டுக்குப் போய், எல்லோரும் பார்க்க சண்முகையாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். தப்பாகப் பேசிவிட்டேன் என்றார். சாவி அவரிடமே இருக்கட்டும் என்றார். சண்முகையா, இருக்கட்டும் சார், இருக்கட்டும் சார் என்று மட்டும் சொன்னார்.

குருவிகுளத்துப் பெண் ஸ்பைக்ஸை மாட்டிக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி ஓடிக் காட்டினாள். ஆணிகள் மண்ணில் இறங்கி ஏறும் சத்தம் கேட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். கத்தரிப்பூவும் மஞ்சளுமாக அந்த லேஸ் இரண்டு காலிலும் துள்ளியது. கோகிலா கூட்டத்துக்குப் பின்னால் நின்று, கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

லிங்கேஷ் ஸ்கூட்டரை எடுக்க வெளியே வந்தான். அது வேப்பமரத்தடியில் நின்றது. பொழுது சாய்ந்து தெருவே நிழலாகக் கிடந்தும், யாரோ அதை மரத்தடிக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். பக்கத்தில் சண்முகையா நின்றார். ஓடுகிற பெண்ணின் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கழுவிட்டீங்களா தம்பி?”

“இல்ல அண்ணாச்சி. புள்ளயே தட்டிக் குடுத்துட்டு.”

அவர் திரும்பி லிங்கேஷைப் பார்த்தார். “அப்ப அந்த மண்ணு?”

லிங்கேஷுக்கு எதைக் கேட்டாலும் ஒரு வேடிக்கைப் பதில் நாக்கு நுனியில் இருக்கும். அன்றைக்கு உள்ளதைச் சொன்னான்.

“அவங்க அம்மா கையில இருக்கு, அண்ணாச்சி.”